பூ கட்ட மறந்த விரல்கள்: கழுத்துத் தண்டுவட ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

அம்மா பூ கட்டும்போது கையைப் பார்க்க மாட்டார். கண் டிவியில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருக்கும், விரல்கள் பாட்டுக்கு இரண்டிரண்டு மொட்டாக எடுத்து நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, குனிந்து கையையே பார்த்துக்கொண்டு பூ கட்டினார். முடிச்சு இறுகவில்லை. சரத்தைத் தூக்கியதும் மொட்டுகள் மடியில் உதிர்ந்தன. "கை மரத்தாப்ல இருக்குடா, சுகராத்தான் இருக்கும்" என்றார். நாங்களும் நம்பினோம். அப்போது பார்த்த டாக்டரும் சர்க்கரையால் வரும் நரம்புத் தளர்ச்சி என்றே சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது.

இதை எழுதக் காரணம் அந்த ஒரு வருடம்தான். கழுத்துத் தேய்மானம் என்றால் கழுத்து வலிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்குக் கழுத்து வலிக்கவே இல்லை. கழுத்து ஆபரேஷனுக்கு எப்படித் தயாராவது, அப்புறம் எப்படித் தேறுவது என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அழுந்தியிருப்பது நரம்பு வேரா, தண்டுவடமா? எவ்வளவு அவசரம், எதை எதிர்பார்க்கலாம், எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தே மாறும்.

வேரும் தண்டும்

கழுத்தில் 7 முள்ளெலும்புகள். முதல் இரண்டுக்கும் நடுவில் டிஸ்க் கிடையாது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் முதல் டிஸ்க் வருகிறது. நம் ஊரில் இதை ஜவ்வு என்கிறோம். வயதாக ஆக ஜவ்வில் நீர்ச்சத்து குறையும், உயரம் குறையும், பின்பக்கம் பிதுங்கும், ஓரங்களில் எலும்பு முளைவிடும். தலை நரைப்பது மாதிரி எல்லோருக்கும் நடப்பதுதான். ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்தில் எம்ஆர்ஐ எடுத்து, முடிவை 2015-இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' என்று இருப்பதை மட்டும் வைத்து யாரும் ஆபரேஷனுக்குப் போக வேண்டியதில்லை, பயப்படவும் வேண்டியதில்லை.

பிதுங்கிய ஜவ்வு பக்கவாட்டில் போய், கைக்குச் செல்லும் நரம்பின் வேரை அழுத்தினால் தோள்பட்டையிலிருந்து ஒரு கை வழியாக வலி மின்னலடிக்கும். ராத்திரி தூங்க விடாது. கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் பலருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கொடுமையான வலிதான். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு மருந்தும் பிசியோவும் கொஞ்சம் பொறுமையும் சேர்ந்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடங்கவே மறுத்தாலோ, கையில் பலம் குறைந்துகொண்டே போனாலோதான் ஆபரேஷன் பேச்சு.

அதே ஜவ்வு நடுவில் பிதுங்கித் தண்டுவடத்தையே நெருக்கினால் விஷயம் வேறு. டாக்டர்கள் மைலோபதி என்பார்கள். இது சத்தம் போடாமல் வரும். ஊக்கு மாட்ட வராது. சாதம் பிசையும்போது பருக்கை சிந்தும். சில்லறையை எண்ணிக் கொடுக்க முடியாது. செருப்பு காலிலிருந்து நழுவுவது தெரியாது. இருட்டில் நடந்தால் தடுமாறும். குனிந்தால் முதுகில் ஷாக் அடித்தது போல இருக்கும். முற்றினால் சிறுநீர் கட்டுப்பாடு போகும். கை மரத்துப்போவதைப் பார்த்து, மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல் என்றோ, சர்க்கரை என்றோ சொல்லிவிடுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. முதல் அறிகுறியிலிருந்து மைலோபதி என்று கண்டுபிடிக்கச் சராசரியாக 2 வருடங்களுக்கு மேல் ஆவதாக 2013-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அம்மாவுக்கு ஒரு வருடம்.

கடைசியில் கண்டுபிடித்த டாக்டர் எம்ஆர்ஐ கேட்பதற்கு முன்பே, "அம்மா, பத்து செகண்டுக்குள்ள கையை எத்தனை தடவை மூடி மூடித் திறக்க முடியும், பாக்கலாம்" என்றார். சாதாரணமாக 20 தடவை வரவேண்டும். அம்மா 9-இல் நின்றார். விரல்கள் முழுசாக விரியவில்லை, குளிரில் விறைத்த கை மாதிரி மெல்ல மெல்லத் திறந்தன. இந்தப் பரிசோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. வீட்டில் வயதானவர்கள் கை மரக்கிறது என்று சொன்னால், ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். குறைவாக வந்தால் எலும்பு மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள்.

மைலோபதியை அளக்க ஜப்பானியர்கள் வகுத்த மதிப்பெண் முறையில் 'சாப்ஸ்டிக்கால் சாப்பிட முடிகிறதா' என்று ஒரு கேள்வி உண்டு. மற்ற நாடுகளில் அதையே கரண்டி, சட்டைப் பட்டன் என்று மாற்றிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், நம் ஊரில் ரசம் சாதத்தைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்று கேட்கலாம். மாற்றிய முறையில் மொத்தம் 18 மதிப்பெண். 2017-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், 14-உம் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்கு ஆபரேஷனையே பரிந்துரைக்கிறது. 15 முதல் 17 வரை உள்ளவர்கள் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், அல்லது மருத்துவர் கண்காணிப்பில் பயிற்சி செய்து பார்த்து, மோசமானால் ஆபரேஷனுக்குப் போகலாம்.

எதிர்பார்ப்பும் இங்கேதான் பிரிகிறது. நரம்பு வேர் அழுத்தத்துக்கு ஆபரேஷன் செய்தவர்களில் பலர் கண் விழித்ததுமே கைவலி போய்விட்டது என்பார்கள். தண்டுவடத்துக்குச் செய்வதன் முதல் நோக்கம் இதற்கு மேல் மோசமாகாமல் நிறுத்துவது. போனது எவ்வளவு திரும்பும் என்பது, எத்தனை நாள் அழுந்திக் கிடந்தது என்பதைப் பொறுத்தது. பலருக்கு நன்றாகவே திரும்புகிறது. ஆனால் முழுசாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. எங்கள் டாக்டர் இதை முதல் நாளே சொல்லிவிட்டார். அதற்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

தேதி குறித்த பிறகு

"கழுத்துல கத்தி வெச்சா கை கால் விளங்காம போயிடும்" என்று சொல்லாத உறவினர் இல்லை. தண்டுவடம் சேதமாகும் ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரிதாக நடக்கிறது. ஆனால் மிதமாகவோ கடுமையாகவோ மைலோபதி இருப்பவர்களுக்கு, ஒன்றும் செய்யாமல் விட்டால் கை கால் போகும் வாய்ப்புதான் கூடுதல். சின்னதாக ஒரு முறை விழுந்தாலே, ஏற்கெனவே நெருக்கத்தில் இருக்கும் தண்டுவடம் நசுங்கிவிடலாம். இதே காரணத்துக்காகச் சலூனில் தலையைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதும், வைத்தியம் என்ற பெயரில் கழுத்தை இழுத்து வெட்டி விடுவதும் இவர்களுக்குக் கூடவே கூடாது.

அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.2 இருந்தது. புண் ஆறாது, கிருமி தொற்றும், எலும்பும் சரியாகச் சேராது என்பதால் இன்சுலின் போட்டுக் குறைத்த பிறகே தேதி கொடுத்தார்கள். 7.5 அல்லது 8-க்குக் கீழே பல சர்ஜன்கள் எதிர்பார்ப்பார்கள். நோய் வேகமாக முற்றுகிறது என்றால் அவ்வளவு காத்திருக்க மாட்டார்கள். மருத்துவமனையில் சேர்த்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்திக்கொண்டே செய்வார்கள்.

சர்க்கரை மாத்திரையில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே அமிலம் ஏறி ஆபத்தாகும். இவை பல கலவை மாத்திரைகளிலும் சேர்ந்திருப்பதால், மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் அப்படியே கொட்டிக் காட்டிவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளையும் சில நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

புகை பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எலும்பை எலும்போடு சேர்ப்பதுதான் இந்த ஆபரேஷனில் பாதி. நிக்கோட்டின் அந்தச் சேர்க்கையைக் கெடுக்கும். குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு சேரும்வரை தொடாமல் இருக்க வேண்டும். புகையிலை மெல்லுவதிலும் நிக்கோட்டின்தான் இருக்கிறது.

அப்புறம் தாலி. அம்மாவுக்கு முன்கழுத்தில் ஆபரேஷன், தாலி கிடக்கும் இடத்திலேயே. கழற்ற வேண்டும் என்றதும் முகம் வாடிவிட்டது. வயதான நர்ஸ் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கையில மஞ்சக் கயிறு கட்டிக்கோங்கம்மா, அய்யா கையாலயே கட்டச் சொல்றேன்" என்றார். அப்பா கட்டினார். நாற்பது வருடமாகக் கழற்றாத மூக்குத்திக்குத்தான் பெரும்பாடு. திருகு இறுகிப்போய், முந்தின நாள் தட்டானிடம் ஓட வேண்டியிருந்தது. மெட்டி, வளையல், மூக்குத்தி எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

காலையில் வெறும் வயிறு என்றால் பலர் காபி பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். பால் சேர்ந்த காபி சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை பொதுவாக அனுமதிப்பார்கள். ஆனாலும் உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, தனியார் காப்பீடு எடுத்திருந்தால் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். முதுகெலும்பு, ஜவ்வு தொடர்பான சிகிச்சைக்குப் பல பாலிசிகளில் முதல் 2 வருடம் காத்திருப்புக் காலம் உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பவர்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் அந்தத் திட்டத்தில் இந்த ஆபரேஷன் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

முன்வழியும் பின்வழியும்

ஒன்றிரண்டு ஜவ்வுகளில் மட்டும் பிரச்சினை என்றால் பெரும்பாலும் முன்பக்கமாகப் போவார்கள். பின்னால் இருக்கும் தண்டுவடத்துக்கு முன்னாலிருந்து போவது ஏன் என்று அப்பா கேட்டார். அழுத்துகிற ஜவ்வு தண்டுவடத்துக்கு முன்னால் இருக்கிறது. முன்னாலிருந்து போனால் தண்டுவடத்தைத் தொடாமலே எடுத்துவிடலாம். கழுத்து மடிப்பை ஒட்டி 3 முதல் 5 சென்டிமீட்டர் கீறல். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கம், பெரிய ரத்தக்குழாயை மறுபக்கம் ஒதுக்கினால் எலும்பு தெரியும். தசையை அதிகம் அறுக்க வேண்டியதில்லை. மைக்ரோஸ்கோப் வைத்து ஜவ்வை எடுத்து, அந்த இடத்தில் சின்னக் கூண்டு ஒன்றை வைத்து, மேலே பிளேட் போட்டு ஸ்க்ரூ முடுக்குவார்கள். இந்த முறையை 1950-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபின்சனும் ஸ்மித்தும், ஹவாயில் கிளவர்டும் கொண்டுவந்தார்கள். அப்போது இடுப்பெலும்பிலிருந்து துண்டு வெட்டி வைத்தார்கள், கழுத்தை விட இடுப்பு அதிகம் வலித்ததாகப் பழைய நோயாளிகள் சொல்வார்கள். சிலருக்கு இப்போது எலும்பைச் சேர்க்காமல், அசையக்கூடிய செயற்கை ஜவ்வு வைக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு முதல் அனுமதி 2007-இல் கிடைத்தது. தேய்மானம் முற்றிய வயதானவர்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது.

மூன்று நான்கு மட்டங்களில் நெருக்கம் இருந்தாலோ, தண்டுவடத்துக்கு முன்னால் இருக்கும் தசைநாரே எலும்பாக இறுகிப்போயிருந்தாலோ பின்வழி. தண்டுவடத்தைப் பின்னாலிருந்து மூடியிருக்கும் எலும்பு வளைவை முழுசாக எடுப்பது ஒன்று, கதவு திறப்பது போல ஒரு பக்கம் திறந்து இடம் கொடுப்பது இன்னொன்று. அந்தக் கதவு முறையை 1970-களில் ஜப்பானில் உருவாக்கினார்கள். பின்வழியில் தசையை விலக்குவதால் வலி கூடுதல், மருத்துவமனையில் இருக்கும் நாளும் கூடுதல்.

ஆபரேஷன் நடக்கும்போது கை கால் தசைகளுக்கு மின்துடிப்பு அனுப்பி, தண்டுவடம் பாதிக்கப்படாமல் இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருக்கும் கருவி பல மருத்துவமனைகளில் உண்டு. இருக்கிறதா என்று கேட்கலாம், தப்பில்லை.

கண் விழித்த பிறகு

அம்மா கண் விழித்ததும் கேட்டது தண்ணீர். குடித்ததும் முகம் சுளித்தார். உணவுக்குழாயை ஒதுக்கிப் பிடித்திருந்ததால் தொண்டை வலியும் விழுங்கச் சிரமமும் முன்வழி ஆபரேஷனில் அநேகமாக எல்லோருக்கும் கொஞ்சமாவது இருக்கும். குரல் கம்மலாம். பெரும்பாலும் நாட்களிலோ சில வாரங்களிலோ சரியாகும். எங்கள் வீட்டில் பத்து நாளைக்குக் குழைந்த சாதத்தில் மோர், ஆறிய கஞ்சி, பாலில் ஊறவைத்த இட்லி. நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாகச் சாப்பிட வேண்டும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் தயங்காதீர்கள். முதல் ஒரு நாளுக்குள் முன்கழுத்து வீங்கினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, படுக்க முடியவில்லை என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தாலோ, அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட வேண்டும். உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்துவது அரிது. நடந்தால் நிமிடக் கணக்கில் செயல்பட வேண்டும். துணைக்கு இருப்பவர் ராத்திரி தூங்கிவிடாமல் இருப்பது இதற்காகத்தான்.

தோள்பட்டைகளுக்கு நடுவே வலிக்கிறது என்பார்கள். ஜவ்வு இடத்தை விரித்து வைத்ததால் வருவது, பயமில்லை. சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத் திடீரென்று ஒரு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க முடியாமல் போகும். ஐந்தாவது கழுத்து நரம்பு சோர்ந்துபோவதால் வருவது. பின்வழி ஆபரேஷனில் கொஞ்சம் அதிகம். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் திரும்பிவிடும். வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும், முக்கக்கூடாது என்பதால் நீரும் கீரையும் பழமும் முதல் நாளிலிருந்தே வேண்டும். காய்ச்சல், காயத்தில் சீழ், புதிதாகக் கை கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு என்றால் அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

வீட்டில் நடந்தவை

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கையும் சமையலறையைக் கலைத்து அடுக்கினோம். பரணில் இருந்தவை கீழே, கீழ்த்தட்டில் இருந்த மிக்ஸி ஜார்கள் மேலே. அம்மா நிமிர்ந்தோ குனிந்தோ எடுக்க வேண்டிய எதுவும் இருக்கக் கூடாது என்பது கணக்கு. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் கைப்பிடி, தரையில் வழுக்காத விரிப்பு. வாளியில் குனிந்து தலைக்கு ஊற்றிக்கொள்ளும் பழக்கத்தை மாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. தலையைப் பின்னால் சாய்க்காமல், உட்கார வைத்து நாங்களே ஊற்றினோம். எண்ணெய் தேய்த்துத் தலையை அழுத்துவது கூடவே கூடாது.

முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பார்கள். நிறைகுடம் ஒன்று அதைப் போல நான்கைந்து மடங்கு. பேரக் குழந்தையும் அப்படித்தான். தூக்கச் சொல்லிக் கை நீட்டும் குழந்தையிடம் முடியாது என்று சொல்ல அம்மா ரொம்பத் தவித்தார். குழந்தையை மடியில் வைத்துவிடுவோம், தூக்கவும் இறக்கவும் வேறு ஆள். நடப்பது மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் நல்லது. அம்மா காலை மாலை தெருமுனைவரை போய் வந்தார்.

காலர் பட்டை எத்தனை நாள் என்பது சர்ஜனுக்குச் சர்ஜன் மாறும். ஒரே மட்டத்தில் பிளேட் போட்டவர்களுக்குத் தேவையே இல்லை என்பவர்களும் உண்டு, ஆறு வாரம் போடச் சொல்பவர்களும் உண்டு. வெயில் காலத்தில் உள்ளே வேர்த்துப் புண்ணாகும். உள்துணியை மாற்றி, தோலைத் துடைத்து உலர்த்த வேண்டும். காலரோடு வண்டி ஓட்டக் கூடாது. இருசக்கர வாகனத்துக்கு இன்னும் அதிக நாள் பொறுக்க வேண்டும். ஹெல்மெட்டின் பாரமும் வேகத்தடையின் உதறலும் நேராகக் கழுத்தில்தான் இறங்கும். பஸ்ஸில் கடைசி சீட், ஷேர் ஆட்டோ இரண்டையும் மறந்துவிடுங்கள்.

எலும்பு சேர்ந்துவிட்டால் தலையைத் திருப்ப முடியாதோ என்று பலர் கேட்கிறார்கள். தலை திரும்புவதில் சுமார் பாதி மேலே இருக்கும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நடக்கிறது. கீழே ஒன்றிரண்டு மட்டங்களைச் சேர்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் சேர்த்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள ஜவ்வுகள் கூடுதலாக உழைக்கும். 1999-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பத்து வருடத்துக்குள் நான்கில் ஒருவருக்குப் பக்கத்து மட்டத்தில் புதிதாகத் தொந்தரவு வரலாம் என்று கணக்கிட்டார்கள். அது ஆபரேஷனால் வருவதா, வயதால் வருவதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எதுவானாலும், கழுத்துத் தசையைப் பலப்படுத்தும் பிசியோவையும், போனைக் கண் உயரத்தில் பிடிக்கும் பழக்கத்தையும் விடக் கூடாது.

எலும்பு சேர மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். எக்ஸ்ரேயில் அது தெரிந்துவிடும். நரம்பு தேறுவது எக்ஸ்ரேயில் தெரியாது, அதுதான் வீட்டில் எல்லோரையும் சோர்வாக்குகிறது. மூன்றாவது மாதம் அம்மா ஒரு நாள் பூவும் நாருமாக உட்கார்ந்து, முடியாமல், அப்படியே வைத்துவிட்டு அழுதார். "இதுக்குத்தானா கழுத்தை வெட்டினாங்க?" என்று கேட்டார். தண்டுவடம் தேறுவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் நடக்கும், அதன் பிறகும் ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்வரை மெல்ல மெல்ல நடக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் திரும்பச் சொன்னேன். அன்றைக்கு அது ஆறுதலாக இல்லை.

பிசியோ செய்ய வந்த பெண்தான் ஒரு வழி சொன்னார். களிமண் உருண்டை பிசைவதற்குப் பதிலாகச் சப்பாத்தி மாவு. பிளாஸ்டிக் கிளிப்புக்குப் பதிலாகத் துணி காயப்போடும் கிளிப். மணி கோப்பதற்குப் பதிலாகப் புளியங்கொட்டையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு, ஒவ்வொன்றாக, கண்ணை மூடிக்கொண்டு. ஆஸ்பத்திரிப் பயிற்சியைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடும் அம்மா, புளியங்கொட்டையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்.

கையை மூடித் திறக்கும் கணக்கை அப்பா தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். ஆபரேஷனுக்கு முன் 9. ஆறு வாரத்தில் 11. ஆறு மாதத்தில் 15. ஒரு வருடம் முடிந்தபோது 17. அதற்கப்புறம் ஏறவில்லை. ஊக்கு மாட்ட வருகிறது. பூ கட்டும்போது இப்போதும் கையைப் பார்த்துக்கொண்டுதான் கட்டுகிறார். ஒரு முழம் கட்ட அரை மணி நேரம் ஆகிறது, தூக்கினால் உதிர்வதில்லை.